ஏழு லாரி, ஆறு பேர்

விடிந்ததும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கொட்டகையில் ஏழு ஓட்டுநர்களும் கரியடுப்பு மூட்டினார்கள். பெட்ரோல் முழுவதும் ஊரைப் பிடித்திருந்த ஜப்பானியருக்கே போனதால், லாரியின் முதுகில் பொருத்திய உருளையில் கரியை எரித்து, அந்தப் புகையில்தான் எஞ்சினை ஓட்ட வேண்டியிருந்தது. விசிறி விசிறி இயேசுதாசனின் இமை முடி கருகியிருந்தது. கோவிந்தசாமி தன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து அவருடையதையும் விசிறிக் கொடுப்பார்.

புக்கிட் தீமாவில் கல் ஏற்றிச் சாங்கியில் ராணுவ வேலைக்குக் கொட்ட வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு நடை. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஜனவரியில் பிடோக் பக்கம் ஒரு ஓட்டுநர், மரவள்ளிக்கிழங்கு மட்டுமே தின்ற உடம்பு, ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து தென்னையில் மோதிச் செத்தார்.

அதற்குப் பிறகுதான் ஏழு பேரும் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி பேரின்பநாயகத்திடம் போனார்கள். சங்கம் என்று வாய் திறக்க முடியாத காலம். ஆகவே விண்ணப்பம் என்றார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு, வேறொன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரான கிராணி ஆங்கிலத்தில் அழகாக எழுதினார். எதிரியின் மொழி என்று திரும்பி வந்தது. மாலை வகுப்பில் கற்ற ஜப்பானிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினார். ஆண்டு 1943 அல்ல, ஜப்பானியக் கணக்கில் 2603 என்று திரும்பியது. திருத்திக் கொடுப்பதற்குள் ஜப்பானிய அதிகாரி மாற்றலாகிவிட்டார். புதியவர் முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னார். பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலோடு சித்திரையும் கழிந்தது.

"எத்தினை தரம் கேட்டாலும் நான் எழுதித் தாறன். அவை வாசிக்கினமோ எண்டுதான் தெரியேல்லை," என்றார் கிராணி. அவர் முகத்தைப் பார்க்க ஓட்டுநர்களுக்கே பாவமாக இருந்தது.

லாரிகளை நிறுத்திவிடலாம் என்றார் கோவிந்தசாமி. நிறுத்தினால் தலை தப்பாது என்றார்கள் மற்றவர்கள். வேறு வழி சொன்னவர் இயேசுதாசன்.

"அவன் குடுக்க வேணாம்ணே. நாமளே ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்குவோம்."

தினம் ஒருவர் வீட்டில் இருந்தார். அவருடைய நாலு நடையையும் மற்றவர்கள் பங்கிட்டு ஓட்டினார்கள். நடைச்சீட்டில் கிராணி கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தவர் பெயரையே எழுதினார்.

இயேசுதாசனின் முறை ஒரு புதன்கிழமை வந்தது. மனைவி ஜோசபின் சன்னலில் சேலையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தாள். மத்தியானம் எழுந்தவர், கரி படிந்த கையைத் தேய்த்துக் கழுவியபடியே ஏதேதோ கதை சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். அவர் அப்படிப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மாலையில் கோவிந்தசாமி கொஞ்சம் நெத்திலியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, நன்றாகத் தூங்கினாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் அப்படி ஓடியது. ஒரு நாள் காலை புதிய அதிகாரி கொட்டகைக்கே வந்தார். அன்று கோவிந்தசாமியின் முறை. அதிகாரி அவருடைய லாரியின் கரியடுப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. நடைச்சீட்டுகளைப் புரட்டினார். யாரையும் அறையவில்லை, திட்டவில்லை.

ஐந்து மாதமாக வராத பதில் இரண்டே நாளில் வந்தது. கிராணி அதைத் தமிழில் சொன்னார். எல்லா நடைகளையும் ஆறு பேரே ஓட்டிவிடுவதால் ஏழாவது ஆள் தேவையில்லை. கோவிந்தசாமி சயாம் ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டும். அங்கே போனவர் யாரும் இதுவரை திரும்பவில்லை. சொல்லி முடித்துக் கிராணி கண்ணாடியைக் கழற்றினார்.

யோசனை தன்னுடையது, தன் பெயரை எழுதுங்கள் என்று இயேசுதாசன் முன்னால் போனார். கோவிந்தசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஜோசபினுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? நான் ஒத்தக்கட்டை. பேசாம இரு."

சயாமுக்குப் போகிறவர்களைத் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் இறக்கும் வேலை இயேசுதாசனுக்கே வந்தது. பின்னால் இருபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து இருக்கையில் ஏறிய கோவிந்தசாமி கொஞ்ச தூரத்திலேயே தூங்கிப்போனார். இயேசுதாசன் பள்ளங்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். நிலையத்தில் எஞ்சினை அணைத்த பிறகும் அவரை எழுப்பவில்லை.

சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் கதவை இடித்தான். கோவிந்தசாமி திடுக்கிட்டு விழித்தார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, அங்கே இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. கால் பிரேக்கைத் தேடி வெறும் பலகையை மிதித்தது.