வெறுந்தாள்

ரசாயனத் தட்டில் கிடந்த புகைப்படத் தாள் மூச்சு விடுவதற்குள் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் சந்தையில் தொட்டியில் கெண்டை மீன் விற்றவளின் சிரிப்பு வந்திருக்க வேண்டிய தாள் அது. ஹெட்விகா இன்னொரு தாளை எடுத்தாள். அதைப் படம் பெரிதாக்கும் கருவிக்குக் கீழே வைக்கக்கூட இல்லை; பெட்டியிலிருந்து நேராக ரசாயனத்தில் போட்டாள். வெளிச்சம் படாத தாள் வெள்ளையாகவே இருக்க வேண்டும்; அதுவும் கறுத்தது. பெட்டியின் நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. எல்லாம் கறுப்பு. மூலையில் மட்டும் சிறிதாக ஒரு வெள்ளை. ரசாயனம் படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கில் அதற்குமேல் என்ன தெரியும்?

குளியல்தொட்டியின் மேல் போட்ட பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பலகையை அறுத்து இழைத்துக் கொடுத்தவன் அவள் கணவன் வில்லெம்தான். ப்ர்னோ நகரத்து அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. படம் கழுவுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் லாபம். கலாசார மாளிகையில் புகைப்படச் சங்கம் வைக்கும் கண்காட்சியில் இந்த வருடம்தான் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள்.

"வில்லெம்! தாளெல்லாம் செத்துப்போச்சு!"

கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வந்து நின்றது.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"அந்தக் கடைக்கார ஹவ்ரானெக் கிழவன் பழசை உன் தலையில கட்டிட்டான். நாளைக்குப் போய் நல்லாக் கேளு. நாலு பேர் முன்னாடி கேட்டாத்தான் உறைக்கும்."

காய்கறி என்றால் அமுக்கிப் பார்க்கலாம், மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். புகைப்படத் தாளை என்ன செய்வது? நல்லதா என்று பிரித்துப் பார்த்தாலே வெளிச்சம் பட்டுப் பாழ். கொடுக்கிறவன் முகத்தைப் பார்த்து வாங்குவதுதான். அதிலும் கெட்டித் தாள் கடைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் அலமாரிக்குப் போகாது. ஹவ்ரானெக் தனக்குப் பிடித்தவர்களுக்காகக் கவுண்டருக்கு அடியில் எடுத்து வைத்திருப்பார். அரசாங்கக் கடைகளில் எங்கும் அதுதான் நடைமுறை, கறிக்கடையிலிருந்து செருப்புக்கடை வரை. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஹெட்விகா மறுநாள் அதைச் சொன்னாள்.

கடையில் வரிசை நின்றது. பெட்டியையும் கறுத்த தாள்களையும் கண்ணாடிக் கவுண்டரின் மேல் பொத்தென்று போட்டாள். ராத்திரி முழுக்க வளர்த்த கோபம், நாக்குக்கு வந்ததையெல்லாம் பேசியது.

"கவுண்டருக்கு அடியில ஒளிச்சு வெச்சுக் குடுத்தீங்களே ஹவ்ரானெக் சார், இந்தக் குப்பையையா? ஸ்பெஷலா எனக்குன்னு வெச்சேன்னீங்களே!"

வரிசையில் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். "ஓஹோ! நமக்கு மட்டும்தான் 'சரக்கு வரல'யா?" பின்னால் ஒருத்தி, "மேலிடத்துக்கு எழுதிப் போட்டா எல்லாம் வரும்" என்றாள். ஹவ்ரானெக்கின் காது மடல்கள் சிவந்தன. தாள்களை வரிசையாகப் பரப்பிவிட்டு, ஹெட்விகாவிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்.

"நான் குடுத்தப்ப ஒட்டு பிரியாம இருந்துச்சாம்மா, இல்லையா?"

"இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன், இருட்டுல. போன வாரம். ரெண்டு தாள் போட்டேன், அது நல்லாத்தான்..."

பாதியில் நிறுத்திப் பெட்டியைப் பார்த்தாள். போன வாரம் நன்றாக இருந்த பெட்டி.

பகல் வெளிச்சத்தில் அந்த வெள்ளை இப்போது நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு தாளிலும் வலது மூலையில், ஏறத்தாழ ஒரே இடத்தில், நீள்வட்டமாக. வெளிச்சத்தில் தாளைப் பிடித்தவனின் விரல் மறைத்த இடம். ஒரு தாள் விடாமல், தாளுக்குத் தாள் புரட்டி, எதையோ தேடியிருக்கிறான். ஹெட்விகா தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை மிச்சமிருந்தது. அவள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

"சார்..."

"அடுத்தது யாரு?" என்றார் ஹவ்ரானெக், அவளைத் தாண்டி வரிசையைப் பார்த்து. பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். "இனிமே வரிசையில நின்னே வாங்கிக்கோங்கம்மா. நான் இங்க இருந்தா."

வீட்டில் வில்லெம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னான் கிழவன்?"

அவள் ஒரு கறுப்புத் தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"எதைத் தேடின?"

"என்ன ஹெட்விகா, வந்ததும் வராததுமா..."

"எதைத் தேடின, வில்லெம்?"

கத்தியைக் கீழே வைத்தான். தோல் ஒட்டிய ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"புதன்கிழமை புதன்கிழமை சங்கத்துக்குப் போற. உங்க சங்கத்து போர்ஷிவோய் உன்னைப் படம் எடுக்கறான்னு தொழிற்சாலையில சொல்லிச் சிரிக்கறானுங்க. வீட்டுக்கு வந்தா, குளியலறைக்கு உள்ள தாழ்ப்பாள். ஒரு பெட்டி. திறக்காதே, திறக்காதேன்னு வேற. மனுஷனுக்குத் தோணாதா?"

"அது வெறுந்தாள். அதுல ஒண்ணுமே இருக்காதுன்னு உனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா என் பக்கத்துல நின்னு பாத்திருக்க!"

"நடுவுல ஏதாச்சும் சொருகி வெச்சிருப்பியோன்னு..."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"சந்தேகப்பட்ட. சரி, போகட்டும். எவனோ சிரிச்சான், நீயும் நம்பிட்ட. ஆனா நேத்து ராத்திரி, நீதான் பண்ணினதுன்னு தெரிஞ்சே, அந்த மனுஷன்கிட்ட என்னை அனுப்பினியே. நாலு பேர் முன்னாடி கேளுன்னு சொல்லி அனுப்பினியே! கேட்டேன் வில்லெம். அவர் வேலையே போயிடும்போல இருக்கு. நான் உன்னை நம்பிப் போய்க் கேட்டேன்."

"நீ இவ்வளவு தூரம் கத்துவேன்னு நான் நினைக்கல."

கோட்டைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். திரும்பக் கடைக்குப் போக வேண்டும். அந்த வரிசைக்கு முன்னால் நின்று, தப்பு என் வீட்டில்தான் நடந்தது என்று சொல்ல வேண்டும். யார் செய்தது என்று கேட்பார்கள். என் புருஷன் என்று சொல்ல வேண்டும்.

எழுந்து நடைக்கு வந்தாள். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. வில்லெம் அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. தாளின் மேல் குனிந்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் அந்த வெள்ளைத் தடத்தை அழித்துவிட அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான்.