கீழே இறங்காத ஃபோன்

மரக்காணத்து மீனவர் பச்சமுத்து, மீன் அடையும் கடல் இடங்களையெல்லாம் ஃபோனில் குறித்து வைத்திருந்தார். அவை யார் கண்ணிலும் படக்கூடாதென்றே கம்பெனி போட்ட தடையை உடைத்து ஃபோனை ரூட் செய்து, ஒரு ஆப்பில் பூட்டியிருந்தார். புது அப்டேட் ஏறியதும் ரூட் போய்விட, அந்த ஆப் திறக்கவில்லை. திண்டிவனம் செல்போன் கடைக்கு ஓடினார்.

“பழைய சாஃப்ட்வேரையே போட்டுடு தம்பி.”

கடைக்கார ஆண்டோ கையெடுத்துக் கும்பிட்டான். “புது சாஃப்ட்வேருக்கு மேல போன ஃபோனு பழசுக்குக் கீழ எறங்காதுண்ணே. மீறி எறக்குனா செத்துப்பூடும், அப்புறம் எனக்குத்தான் பேஜாரு. வேற யார் ஃபோன்லயாச்சும் அந்த எடமெல்லாம் இருக்குதா?”

“என் தம்பி அருள் ஃபோன்ல இருந்துச்சு.”

“அப்புறம் என்னண்ணே? ஜல்தியா போய் வாங்கிக்கினு வாங்க.”

தொழிலைப் பாகம் பிரித்த அன்று, அருள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் ஃபோனிலிருந்த இடங்களை ஒவ்வொன்றாக அழித்தவர் பச்சமுத்துதான்.