ஒரு அட்சரம்

"நாப்பத்தெட்டு வோல்ட்னு போட்டிருக்குடா. அப்பா வாய்க்கு நேரா மைக்கை வச்சுட்டு இதைப் போய் அழுத்தச் சொல்றியே!"

வத்ஸலா அந்தச் சிவப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில், உயரத்துக்காக வைத்த ராகி டப்பாவின்மேல் மைக் நின்றது. அக்ரஹாரத்துக் கடையில் அரைக்கிலோ மைசூர்பாகு தரும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். டப்ளினில் இருக்கும் மகன் பவன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. மைக் வயரை ஒரு பக்கம் சொருகி, மறுபக்கத்து வயரை லேப்டாப்பில் சொருகினால் வீடே ஸ்டூடியோ ஆகிவிடும் என்று சொல்லியிருந்தான். ஆகவில்லை. அரைமணி நேரமாக அவள் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தக் கரண்ட் மைக்குக்கு மட்டும்தான். அப்பாவை ஒண்ணும் பண்ணாது. அழுத்து." போன் திரையில் பவன் கொட்டாவி விட்டான். அங்கே இன்னும் விடியவில்லை.

"அழுத்துடி. ஷாக் அடிச்சாலாவது கொஞ்சம் தெம்பு வருமோ என்னமோ" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர் செலுவநாராயணன். சிரிக்கப் போய் இருமினார். மூக்கிலிருந்த பிளாஸ்டிக் குழாய் நழுவியது. வத்ஸலா அதைச் சரிசெய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் பாலிசி எழுதினாரே தவிர, மனுஷருக்கு உயிரெல்லாம் கொன்னக்கோலில்தான். மிருதங்கத்தின் சொற்களை வாயாலேயே சொல்லும் வித்தை. சபாவில் மேடை ஏறினால் எதிரே உட்கார்ந்து தாளம் போடுவது வத்ஸலா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கை பிசகாது. இப்போது நுரையீரல் நார்நாராகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரெண்டு வாரமா, ரெண்டு நாளா என்று கேட்டதற்குக் கையை மேலே காட்டினார். பவன் கிதாரில் ஒரு பாட்டு போட்டிருந்தான். நடுவில் அப்பாவின் குரல் வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் மகன் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள நினைத்த ஒரே சொத்து அதுதான். கேட்ட நாளிலிருந்து அவர் படுத்தபடியே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

வத்ஸலா ஹெட்போனை மாட்டினாள். முதலில் கேட்டது குரல் இல்லை, ஆக்ஸிஜன் மெஷின். நாலு மாசமாக அது ஓடி ஓடி அவள் காதுக்கு அது ஒரு சத்தமாகவே இல்லாமல் போயிருந்தது. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லையே! ங்ங்ங் என்று காதை அடைத்தது.

"பரவாயில்லம்மா, அதோடயே எடு. அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றான் பவன். "ஞாபகம் வச்சுக்கோ. லேப்டாப்புல ட்ராக் பக்கத்துல ஒரு சிவப்பு பட்டன், மேல ஒரு சிவப்பு. ரெண்டையும் அழுத்தணும். போன் சத்தம் வரும், நான் கட் பண்ணிடறேன்."

போன் அணைந்ததும் அவர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது.

"ரைஸ் மில்லு மாதிரி இருக்கு. நிறுத்து அதை."

"என்ன பேச்சு பேசறேள்? சும்னே இருங்கோ."

"மூணே நிமிஷம், வத்ஸலா. பாத்ரூம் போறச்சே கழட்டறதில்லையா? குழந்தை கேட்டிருக்கான். ரைஸ் மில்லோடயா கொடுக்கறது?"

மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாலு மாசத்தில் அவர் கண்ணில் அப்படி ஒரு ஆசையை அவள் பார்த்ததில்லை. எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். வீடு திடீரென்று அமைதியாயிற்று. தெருவில் பூக்காரி கன்னடத்தில் "மல்லிகே, மல்லிகே" என்று கூவிப்போவது வரை கேட்டது. அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் கிளிப்பில் தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு வினாடியும் அவருடைய மூச்சு ஆயிற்றே என்ற பதற்றத்தில் ஓடி வந்து ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். மேலே இருந்த சிவப்பை அழுத்தினாள். திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது. ஹெட்போனில் அவர் தொண்டையைச் செருமியது துல்லியமாகக் கேட்டது. சரிதான் என்று திரும்பி உட்கார்ந்து தொடையில் தாளத்தை எடுத்தாள்.

"தகதிமி தகஜொணு..."

எங்கேயிருந்து வந்ததோ அந்தக் குரல்! கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். சொல் ஒவ்வொன்றும் பல்லில் பட்டுத் தெறித்து வந்தது. அவள் கை ஏறி இறங்க, அவர் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. கடைசியில் கோர்வை. ஒன்றையே மூன்று முறை சொல்லித் தாளத்தின் முதல் தட்டில் வந்து முடிக்க வேண்டும். முதல் முறை சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் வாய் திறந்தபடி நின்றுவிட்டார். மூச்சு வரவில்லை.

ஓங்கிய கையை வத்ஸலா இறக்கவில்லை. ஒரு அட்சரம், தாளத்தில் ஒரு எண்ணிக்கை நேரம், அந்தரத்திலேயே வைத்திருந்தாள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு "தா" என்று முடித்தார். கை விழுந்தது.

அடுத்த கணம் திரையில் கோட்டை நிறுத்திவிட்டு ஓடிப்போய் மெஷினைப் போட்டாள். கிளிப்பில் எழுபத்தொன்பது. உதடு நீலமாகியிருந்தது. முதுகைத் தடவிக்கொண்டே "ராமா, ராமா" என்றாள். எண்பத்துநாலு வரை ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை.

"தாளம் நிக்கலாமோ?" என்றார் கால்மணி கழித்து. "நின்னியே. நான் பாத்தேன்."

"நான் எங்க நின்னேன்? நீங்கதான் தப்பு பண்ணினேள்."

"ஆமாம். பவன்கிட்ட சொல்லு, அதைச் சரி பண்ண வேண்டாம்னு. ஒரு அட்சரம் போனா போறது. அப்படியே இருக்கட்டும்."

அவள் ஃபைலை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பவனிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா, இதுல ஒண்ணுமே இல்லையே. ட்ராக் சிவப்பை அழுத்தலையா? ஹெட்போன்ல கேக்கறது பெட்டியிலேர்ந்து நேரா வர்றது. லேப்டாப்புக்குப் போகலை. பரவாயில்ல, இன்னொரு தடவை எடுத்துடலாம்."

வத்ஸலா சமையலறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். இரண்டு நிமிஷம் நாற்பது வினாடிக்கு ஒரு நேர்கோடு. ஒரு புள்ளிகூட மேலே எழும்பவில்லை. இன்னொரு தடவையாம்! யார்மேல் கோபப்படுவது? எத்தனை பிள்ளைகளை, ஒரு படியை விட்டுவிட்டு விடை எழுதினதற்காகப் பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறாள்! அவள் இன்றைக்கு விட்டது ஒரு பொத்தான்.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்று பதில் அனுப்பினாள்.

"நன்னா வந்திருக்காமா?" கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. "போட்டுக் காட்டேன்."

அவள் முகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனாள். "பவன் கேட்டுட்டு அழுதுட்டானாம். கிதாரோட சேத்து அனுப்பறேன்னான். அப்புறம் கேக்கலாம், மொத்தமா."

"அழுதானா?"

"ஆமாம்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையை அசைத்தார். நாலரைக்கு எண்பதுக்குக் கீழே போயிற்று. பக்கத்துத் தெருவிலிருந்து அவர் தம்பி வாமன் ஓடி வந்து வாயில் தீர்த்தம் விட்டார், காதில் மந்திரம் சொன்னார். வத்ஸலா பாதத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தேகாலுக்கு வாமன் "மன்னி, போறும்" என்று அவள் கையைப் பிடித்தார். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வாமன் போனபோது, "நான் நிறுத்த மாட்டேன், நீயே நிறுத்து" என்று கத்தினாள். ஏன் கத்துகிறாள் என்று வாமனுக்குப் புரியவில்லை.

பவன் வந்து சேர ஒன்றரை நாளாயிற்று. அதுவரை ஐஸ் பெட்டி. அவன் கொள்ளி வைத்து, குளித்து, ஈரத்தலையோடு அப்பாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தபோது மத்தியானம் மணி இரண்டு. மைக் இன்னும் ராகி டப்பாவின்மேல் அப்படியே இருந்தது.

"நான்தான்டா மெஷினை நிறுத்தினேன்" என்றாள் வத்ஸலா. "அவர் சொன்னார்னு நிறுத்தினேன். நிறுத்திட்டு, அந்தச் சிவப்பையும் விட்டுட்டேன்."

"அம்மா, விடும்மா. நான் கேட்டிருக்கவே கூடாது." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லேப்டாப்பை இழுத்துத் திறந்தான். "இந்த ஃபைல் எதுக்கு, உனக்குக் கஷ்டம். அழிச்சுடட்டுமா?"

"இரு."

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளே பொத்தானை அழுத்தினாள். கோடு நகரத் தொடங்கியது, வெறும் நேர்கோடாக.

அவளுடைய வலது கை தொடையில் விழுந்தது. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பவன் அந்தக் கையையே பார்த்தான். சின்ன வயசிலிருந்து பார்த்த தாளம். அவனையறியாமல் அவனும் எண்ணத் தொடங்கினான். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். அந்தக் கை முன்னே ஓடவுமில்லை, பின்னே தங்கவுமில்லை.

இரண்டரை நிமிஷத்துக்கு மேல், முடிவை நெருங்குகையில், கடைசித் தட்டுக்காகக் கை மேலே போயிற்று. பவன் மனசுக்குள் எண்ணி முடித்துவிட்டான். கை இறங்கவில்லை.

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவள் கட்டிலின் தலைமாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு அட்சரம் அந்தரத்தில் நின்றது, பிறகு விழுந்தது.