மூன்றாவது நடனத்தில் ஒரு முகம்

பன்னிரண்டு வருடங்களாக நடனக்காரி ஆடினாள், லைட் அக்கா வெளிச்சம் போட்டார். அரங்கின் பின்கோடியில், உயரத்தில் இருந்த கண்ணாடி அறைதான் அவருடைய இடம். அரங்கத்தில் எல்லோரும் லைட் அக்கா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்கு வரும் தபால்காரரின் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் நடனக்காரி மேலே ஏறி வந்து கதவருகிலேயே நின்றாள்.

"அக்கா, ஒரு பெரிய டான்ஸ் கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு வருஷம், பத்து ஊரு."

"அடிப்பாவி, இத ஏன் அழுமூஞ்சியா சொல்ற?"

"லைட்டுக்கு அவங்க ஆளே இருக்காராம். நானும் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்."

லைட் அக்கா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். "சரி விடு. என் நோட்ட எடுத்துட்டுப் போ. எந்த எடத்துல எந்த விளக்குன்னு எல்லாம் எழுதியிருக்கேன்."

"அவரு புதுசா போட்டுக்குவாராம்க்கா."

கம்பெனியின் முதல் காட்சி உள்ளூரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நடனக்காரி நான்காவது வரிசையில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஆட்டத்தை லைட் அக்கா பார்ப்பது இதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதல் இரண்டு நடனங்கள் முடியும்வரை விரல்கள் மடியில் தாமாகவே தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தன.

மூன்றாவது, குழந்தையைப் பறிகொடுத்த தாயின் நடனம். கடைசியில் அவள் வெறும் கைகளைத் தாலாட்டுவாள். அந்த இடத்தில் லைட் அக்கா முன்விளக்குகளை அணைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு வெளிச்சம் விடுவார். கரிய உருவம் மட்டும் தெரியும். பத்திரிகைகள் அதைத்தான் விழுந்து விழுந்து பாராட்டின.

புது ஆள் முகத்தில் வெளிச்சம் போட்டிருந்தார்.

அந்த முகம் அழவில்லை. கதை சொல்வதுபோல் கண்ணை உருட்டியது, பொய்க்கோபம் காட்டியது, பிள்ளை தூங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்துச் சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

காட்சி முடிந்து ஒப்பனை அறைக்குப் போனார்.

"அந்தச் சிரிப்பெல்லாம் இப்பதான் சேத்தியா?"

நடனக்காரி பஞ்சால் கண்மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இல்லக்கா. மொதல்லேருந்தே பண்றதுதான்."

"இருட்டுலயா?"

"ம்."

"பன்னெண்டு வருஷமா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லாரும் உங்க வெளிச்சத்தப் புகழ்ந்தாங்க. எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. அப்புறம்..." பஞ்சைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்களும் கேக்கலியேக்கா."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா," என்றார். "எனக்குத்தான் கண்ணு இல்லாமப் போச்சு."

நடனக்காரி எழுந்து கட்டிக்கொண்டாள். யாரோ பூங்கொத்தோடு கதவைத் தட்டவும் விலகினாள்.

அடுத்த மாதம் கம்பெனி புறப்பட்டுப் போனது. லைட் அக்காவுக்கு ஒரு பாடகரின் நிகழ்ச்சி கிடைத்தது. அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடுபவர். விளக்கைப் போட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் கைக்கு வேலை இல்லை. கண்ணாடி அறையில் சும்மா இருக்க முடியாமல், 'முழங்கால் வலி எப்படி இருக்கு?' என்று நடனக்காரிக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் பதில் வந்தது. 'பரவால்லக்கா. இங்க பயங்கரக் குளிர். நீங்க எப்படி இருக்கீங்க?'

நல்லா இருக்கேன் என்று அடித்தார், அழித்தார். வேறு என்ன எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு எழுதாமலேயே விட்டுவிட்டார்.