சாய்வெட்டுத் துண்டு

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்த வருஷம் ஊரில் சோறே இல்லை. விளைந்த நெல்லையெல்லாம் போருக்கென்று ஜப்பான்காரர்கள் வாரிக்கொண்டு போய்விட்டு, மாட்டுக்குப் போடும் சோயாப் புண்ணாக்கை வீட்டுக்கு வீடு பங்கிட்டுக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஜம்ரே ஒரு முழு ஆளை ஆறு மாதமாக மறைத்து வைத்திருந்தாள். ஆள் அவள் புருஷன் சங்கில். இடம் அடுப்படிக்கு மேலே இருந்த பரண். மஞ்சூரியாவுக்கு ஓடிப்போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லி, நாலு பேர் பார்க்க மூக்கையும் சிந்திக் காட்டியிருந்தாள்.

ஒரு ஆம்பளையை ஒளித்து வைப்பதில் சாப்பாடு பெரிய பாடில்லை, பாதி வயிறு பழகிவிடும். இருமல்கூடப் பாடில்லை, தலையணையை வாயில் அமுக்கிக்கொள்ளலாம். பெரிய பாடு துணிதான். கீழே அடுப்பு எரியும்போதெல்லாம் கரியும் புகையும் பரணில்தான் போய்த் தங்கும். பஞ்சு வைத்துத் தைத்த அவன் குளிர்காலக் கால்சட்டையும் மேல்சட்டையும் கறுத்து, தையலுக்குத் தையல் பேன் புழுத்துவிட்டது. சொறிந்து சொறிந்து இடுப்பெல்லாம் புண். பேன் பரப்பும் காய்ச்சலில் பக்கத்து ஊரில் நாலு பேர் செத்திருந்தார்கள்.

துவைத்துவிடலாம். காய வைப்பது எங்கே? உள்ளே போட்டால் மூன்று நாளானாலும் ஈரம் போகாது. வெளியே இருப்பது நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகிற முற்றம், இடுப்புயரச் சுள்ளி வேலி, அதை ஒட்டி ஊர்ச் சந்து. சந்தில் போகிற எந்தப் பெண்பிள்ளையும் அடுத்த வீட்டுக் கொடியைப் பார்க்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. யாருக்குக் கஞ்சி சரியாகப் போடத் தெரியாது, யார் இந்த மாதமும் குளிக்காமல் இருக்கிறாள் என்று கொடியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். புருஷன் ஓடிப்போனவள் வீட்டுக் கொடியில் ஆம்பளைக் கால்சட்டை தொங்கினால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

ஜம்ரேக்கு ஒரே ஒரு தைரியம் இருந்தது. குளிர்காலத் துணியை யாரும் அப்படியே துவைப்பதில்லை. தையலையெல்லாம் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, துண்டு துண்டாகத் துவைத்துக் காயப்போட்டு, கஞ்சி போட்டுக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, அப்புறம் மறுபடி தைப்பார்கள். பிரித்த பிறகு சட்டை ஏது, கால்சட்டை ஏது, எல்லாம் வெள்ளைத் துண்டு. மெத்தை உறையையும் பிரித்து அதோடு கலந்துவிட்டால் அந்தக் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தாள்.

நாளும் பார்த்து வைத்தாள். விமானத்துக்கு எண்ணெய் எடுக்கிறார்களாம், அதற்காக ஊரே மலையில் பைன் வேர் தோண்டப் போக வேண்டிய நாள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டில் தங்கினாள். விடியக் கருக்கலில் துவைத்து, சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, வெயில் ஏறும்போது கொடி நிறைய முப்பது துண்டுகளுக்கு மேல் போட்டுவிட்டு, கவைக்கொம்பை நட்டுக் கொடியைத் தூக்கி நிறுத்தினாள். மேலே பரணில் சங்கில் ஒரு கிழிந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலத்துக்குள் காய்ந்தால் போதும்.

உச்சிப் பொழுதில் சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

முன்னால் வந்தவன் போலீஸ்காரன் ஜோ. இவர்கள் ஜனம்தான், ஆனால் ஜப்பான்காரன் கொடுத்த கத்தியை இடுப்பில் கட்டிய நாளிலிருந்து சொந்தச் சித்தப்பனைக்கூட அடையாளம் தெரியாதவன். பின்னால் வந்தவளைப் பார்த்ததும் ஜம்ரே கொடிக்கும் அடுப்படிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். பாம்கோல் அக்கா.

பாம்கோலிலிருந்து வாழ வந்தவள் என்பதால் அந்தப் பெயர். இந்தப் பத்து வீட்டுக்கும் அவள்தான் தலைவி, யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டியவள். விதவை. ஒரே மகன் இன்சு, பத்தொன்பது வயது. வசந்த காலத்தில் சுரங்க வேலைக்கு ஆள் பிடித்தபோது பட்டியலில் சங்கில் பெயர் இருந்தது. சங்கில் காணாமல் போனான். ஆள் கணக்குக் குறையக் கூடாது அல்லவா, அடுத்த பெயரைப் பிடித்தார்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்த இன்சுவை, காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவ விடாமல் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து பாம்கோல் அக்கா ஜம்ரேயிடம் வேலை ஏவியிருக்கிறாளே தவிர வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வயித்து வலின்னு சொன்ன?" என்றான் ஜோ. "வயித்து வலிக்காரி ஒரு மலை துணி துவைச்சிருக்க?"

"கழிச்சல்ங்க. மெத்தையெல்லாம் நாசமாப் போச்சு. அதான்…"

"ஒண்டியாளு. உனக்கு இத்தனை துணியா?" கையிலிருந்த தடியால் கொடியில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே நடந்தான். "கணக்கு இன்னும் ரெண்டு ஆள் குறையுது. ஓடிப்போனவன்ல பாதிப் பேரு பொண்டாட்டி அடுப்படியிலதான் இருக்கான்னு மேலதிகாரி சொல்றாரு."

அவன் தடி விலக்கிய இடத்தில்தான் ஜம்ரே அதைப் பார்த்தாள். வெயிலில் பளீரென்று, ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் குறுகலாகவும், குறுக்கே சாய்த்து வெட்டிய துண்டு. ஆம்பளைக் கால்சட்டையில் உட்காரும் இடத்துக்கு வைக்கும் துண்டு. பொம்பளைத் துணி எதிலும் அது கிடையாது, மெத்தை உறையில் கிடையவே கிடையாது. புதுசாக வாழ வந்த பெண்கள் அதை இடம் வலம் மாற்றித் தைத்துவிட்டு, மாமனார் கால்சட்டை முறுக்கிக்கொண்டு நிற்க, ஊரே சிரிக்கும். ஊசி பிடித்த எந்தக் கையும் அந்தத் துண்டை மறக்காது. ஜம்ரே மறந்திருந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இங்கே சறுக்கினால் விழப்போவது சங்கிலின் தலை.

ஜோ அதைப் பார்த்தான், தாண்டினான். அவன் வாழ்நாளில் ஊசியில் நூல் கோத்ததில்லை.

பாம்கோல் அக்கா தாண்டவில்லை. அந்தத் துண்டின் முன்னால் நின்றுவிட்டாள்.

"நீ பொம்பள, உனக்குத் தெரியும்ல," என்று ஜோ அவளிடம் திரும்பினான். "இதுல ஆம்பளத் துணி ஏதாச்சும் இருக்கா? பாத்துச் சொல்லு."

பாம்கோல் அக்கா துண்டின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தடவினாள். ஜம்ரேயின் முகத்தைப் பார்த்தாள். அடுப்படி வாசலைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கேட்டால் ஜம்ரே ஒரு வருஷம் என்றுதான் சொல்வாள்.

"இருக்கு," என்றாள் பாம்கோல் அக்கா.

ஜோ கத்தியில் கை வைத்தான்.

"எம் மகன் இன்சுவோட கால்சட்டை. குளிருக்குத் தைச்சு அனுப்பலாம்னு நாந்தான் இவகிட்டப் பிரிச்சுத் துவைக்கக் குடுத்தேன். என் மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு."

"அங்க சுரங்கத்துல அரசாங்கமே துணி குடுக்கும்."

"அரசாங்கம் அம்மா கையால தைச்சுக் குடுக்குமா?"

ஜோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாம்கோல் அக்கா கொடியோரமாகவே நடந்து, முப்பது துண்டுக்கு நடுவிலிருந்து கால்சட்டைக்கு உண்டான துண்டுகளை மட்டும் உருவி எடுத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை, ஒன்றுகூட மிகையில்லை. ஒவ்வொரு துண்டு அவள் தோளில் ஏறும்போதும் ஜம்ரே மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவள் தனியாக வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அக்கா, உங்க காலை…"

"காலைப் பிடிக்காத. உனக்காக நான் சொல்லல. அவன இன்னிக்குப் புடிச்சுக் குடுத்தா எம் புள்ள திரும்பி வந்துருமா? வராது. அதான் சொல்லல." அடுப்படிப் பக்கம் குரலை உயர்த்தினாள், மேலே இருப்பவனுக்கும் கேட்கட்டும் என்று. "துணி எங்கிட்ட இருக்கு. எம் புள்ள உசிரோட வந்தான்னா நானே தைச்சுத் தருவேன். வரமாட்டான்னு ஒரு சேதி வந்துச்சோ, அந்தச் சாய்வெட்டுத் துண்ட எடுத்துக்கிட்டு நேரா ஜோகிட்டப் போவேன். அவன் எடத்துக்குத்தான எம் புள்ள போனான். கணக்கு தெரியுதா?"

"தெரியுதுக்கா."

அன்றுமுதல் ஜம்ரேக்குத் தூக்கம் போயிற்று. விடியற்காலையில் கிணற்றின் முதல் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்துப் புருஷனுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள், இன்சுவுக்காகக் கும்பிட ஆரம்பித்தாள். சுரங்கம் இடியக் கூடாது, சளி பிடிக்கக் கூடாது, தப்பி ஓடப் பார்த்து அடிபடக் கூடாது. பெற்ற தாய்கூட அவ்வளவு விவரமாக வேண்டியிருக்க மாட்டாள். தபால்காரன் சந்தில் திரும்பினால் கையில் இருப்பது நழுவும். பரணில் சங்கில் போர்வையோடு நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

இருபது நாள் கழித்துத் தபால்காரன் மேல்வீட்டுக்கு, பாம்கோல் அக்கா வீட்டுக்குப் போனான்.

ஜம்ரே முற்றத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அழுகைச் சத்தம் வரவில்லை. வந்தது பாம்கோல் அக்காதான், கையில் ஒரு கடுதாசியோடு. இந்தத் தடவை வேலியைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"அவனக் கீழ எறங்கச் சொல்லு."

"அக்கா…"

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஊருல நம்ம எழுத்து தெரிஞ்சவன் ஜோ ஒருத்தன், இவன் ஒருத்தன். ஜோ எனக்குப் புடிச்சதச் சொல்லுவான், இல்ல அவனுக்குப் புடிச்சதச் சொல்லுவான். உம் புருஷன் ஓடி ஒளிஞ்சவந்தான், ஆனா பொய் சொல்லிக் கேட்டதில்ல. எம் புள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவனும் அவந்தான். எறங்கச் சொல்லு."

சங்கில் இறங்கினான். ஆறு மாதத்தில் வெளிச்சம் காணாத முகம், சுண்ணாம்பு பூசியது போல. இடுப்பில் போர்வை. கடுதாசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அடுப்பு வெளிச்சத்தின் பக்கம் குனிந்து மனதுக்குள் ஒரு தடவை படித்தான். ஜம்ரே கடுதாசியைப் பார்க்கவில்லை, அவன் தொண்டையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கியது.

"சத்தமாப் படிடா," என்றாள் பாம்கோல் அக்கா.

"அம்மாவுக்கு," என்று ஆரம்பித்தான் சங்கில். "நான் நல்லா இருக்கேன். இங்க குளிர் ஜாஸ்தி. முன்னால சுரங்கத்துக்குள்ள போட்டாங்க, இப்ப மேல வண்டி தள்ளுற வேலை. நம்ம ஊர்ப் பக்கத்து ஆளு ஒருத்தர் கூட இருக்காரு. மணிக்கட்ட வச்சுக்கிட்டுத் துணி தட்டாதீங்க. வேலை முடிஞ்சதும் வந்துருவேன்."

பாம்கோல் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தியில் முகத்தைப் பொத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். "மணிக்கட்டுன்னு எழுதிருக்கானா? பாரு, ஞாபகம் வச்சிருக்கான். இன்னொரு தடவ படி."

சங்கில் இன்னொரு தடவை படித்தான். ஒரு வார்த்தை மாறவில்லை.

எழுந்தபோது அவள் பத்து வயசு இளையவளாகத் தெரிந்தாள். ஜம்ரேயின் கையைப் பிடித்தாள், ஆறு மாதத்தில் முதல் தடவையாக. "கால்சட்டைய இன்னிக்கே தட்டித் தைச்சிடுறேன். பஞ்சும் என்னோடதே வைக்கிறேன், பையன் நடுங்குறான் பாரு. இனிமே இவன் துணிய என் கொடியில போடு. எவனாச்சும் கேட்டா எம் மகனோடதுன்னு சொல்லிக்கிறேன். கடுதாசி இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வாரேன், பதில் எழுதணும்."

அவள் சந்தில் மறையும் வரைக்கும் ஜம்ரே கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்சு எழுதினதா?" என்று கேட்டாள் ஜம்ரே.

"கூட வேலை பாத்த ஆளு எழுதினது." அவன் கடுதாசியைத் தரையில் வைத்தான், சுடுவது போல. "இன்சு போன மாசமே செத்துட்டான். கூரை விழுந்துருக்கு. அரசாங்கக் கடுதாசி தனியா வரும்னு போட்டிருக்கு."

"எப்ப வரும்?"

மேல்வீட்டிலிருந்து கல்லில் துணி தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ரொம்ப நாளாகக் கேட்காத சத்தம், இரண்டு கட்டையும் மாறி மாறி, வீங்கிய மணிக்கட்டை மறந்துவிட்ட வேகத்தில். சங்கில் பரண் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஏறவில்லை.

"தெரியாது," என்றான்.