தளபதியின் தலைசுற்றல்

தளபதி லிஃப்டில் நுழைந்தால் அவருடைய விரலுக்கு வேலை இருக்காது. பட்டத்தில் குறைந்தவர் கூடியவருக்காகப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் எழுதாத சட்டம். உள்ளே நிற்கும் பல் டாக்டரோ பேராசிரியரோ முந்திக்கொண்டு, "முப்பதுதானே தளபதி?" என்று கேட்டு அழுத்துவார்கள். அவர் ஆமென்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். இமையை மட்டும் மெல்லத் தாழ்த்துவார். அதைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தார்.

பகலில் அவர் காற்று வாரியத்தில் எழுத்தர். எந்த வீட்டில் எத்தனை மூக்கு, அவற்றுக்கு எவ்வளவு சுத்தக் காற்று என்று பதிந்து மேலே அனுப்புகிற உத்தியோகம். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. உத்தியோகத்தைக் கேட்டு நாற்காலி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது சாயங்காலமானால் ஊரே தலையில் சட்டியை மாட்டிக்கொண்டு பெருங்களம் என்கிற போர் ஆட்டத்தில் இறங்கிவிடுகிறது. அந்தத் தலைக்கவசத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். ஜனங்கள் வைத்த பெயர் சட்டி. சட்டிக்குள்ளே கோட்டை உண்டு, ஆறு உண்டு, குதிரையும் படையும் உண்டு. அங்கே வாளெடுத்து வாங்குகிற பட்டம்தான் வெளியே செல்லுபடியாகும். வீடு ஒதுக்குவதும் அதை வைத்துத்தான். சிப்பாய்க்குத் தரைக்குக் கீழே ஓர் அறை. தளபதிக்கு முப்பதாவது தளத்தில், ஜன்னல் வைத்த வீடு.

ஜன்னல் என்றால் நிஜ ஜன்னல். ஊரை மூடிக் கிடக்கும் புகைக்கு மேலே அந்தத் தளம் தலையை நீட்டிக்கொண்டிருந்ததால் காலையில் வெயில் தாராளமாக உள்ளே வரும். வெயில் விழும் இடத்தில் மாமியார் நாற்காலியைப் போட்டு முழங்கால் இரண்டையும் காய வைப்பார். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். தரைக்குக் கீழே இருந்த காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், இங்கே வந்தபின் மருமகனை நிமிர்ந்து நின்று குறை சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்.

எல்லாம் சரி, ஒரு சிக்கலைத் தவிர. தளபதிக்குச் சட்டி ஒத்துக்கொள்ளாது. மாட்டிய மாத்திரத்தில் தலை சுற்றும். குதிரை இரண்டடி வைப்பதற்குள் வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்துவிடும். மற்றவர்கள் ஆடுவதைத் திரையில் பார்த்தால்கூடக் கண்ணைக் கட்டும். பெருங்களத்தில் இத்தனை வருஷமாக அவர் பெயரில் வாள் வீசி வருவது அவருடைய மனைவி.

ஒரு வீட்டுக்கு ஓர் ஆட்டக்காரர், அதுவும் குடும்பத் தலைவர் பெயரில்தான் என்பது ஆட்டக் குழுவின் விதி. முதல் நாள் அவர் சட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடியபோது, மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, "கொஞ்ச நேரம் நான் பிடிச்சிக்கிறேன்" என்று எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை.

அவள் தண்ணீர் கம்பெனியின் குறைகேட்கும் பிரிவில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். நாள் முழுக்க யாராவது காதுக்குள் கத்திக்கொண்டிருப்பார்கள். கத்துகிறவரை இடைமறிக்கக் கூடாது; கத்தி முடித்ததும் அவருக்கே களைப்பு வரும்; அப்போது காரியத்தை முடித்துக்கொள்ளலாம். இதுதான் அவள் கற்ற தொழில். களத்திலும் இதையே செய்தாள். எதிரி முழங்கிக்கொண்டு பாய்ந்து வருவான், இவள் நின்ற இடத்தில் நிற்பாள். அவன் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து ஒரே தட்டு. குடியிருப்பில் உரையாசிரியர் என்று பெயரெடுத்த ஒருவர் இருந்தார். தளபதியின் அசைவுகளுக்குப் பொருள் சொல்வதே அவருக்கு முழுநேரப் பிழைப்பு. இதற்கு அவர் மௌனப் போர்முறை என்று பெயர் சூட்டினார்.

இன்னொன்றும் இருந்தது. போர் முடிந்து கிளம்பும்போது கோட்டையில் எரியும் தீவட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத்தான் மனைவி வெளியேறுவாள். எரிகிற விளக்கை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது, அது யார் வீட்டு விளக்காக இருந்தாலும். மாண்ட எதிரிகளுக்குத் தளபதி செலுத்தும் அஞ்சலி அது என்று உரையாசிரியர் சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மறுவாரம் படை முழுவதும் தீவட்டி அணைக்க ஆரம்பித்தது. பிறகு ஆளுக்கொன்று கிடைக்கவில்லையென்று சொந்தப் படைக்குள்ளேயே அடிதடி நடந்தது.

தளபதியும் சும்மா இருக்கவில்லை. குடியிருப்பின் பொதுக்கூடத்தில் வாராவாரம் 'போரும் பொறுமையும்' என்று சொற்பொழிவு ஆற்றினார். பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியைத் திருத்தத் தொடங்கினார்.

"நேத்து வலது பக்கத்துலேர்ந்து அணைச்சியாமே. இடதுதான் முதல்ல, அது இதயத்தோட பக்கம்னு நான் போன வாரம்தான் விளக்கம் சொன்னேன். நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க என்ன விளக்கம் சொல்லப்போறீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அதுக்குத் தகுந்தாப்புல ஜெயிச்சிடுறேன்" என்றாள் அவள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. நியாயமான ஏற்பாடு என்று தளபதிக்குப் பட்டது.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது ஆட்டக் குழுத் தலைவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பக்கத்துக் குடியிருப்போடு நடக்கும் ஆண்டுப் போட்டி இந்த முறை முகம் காட்டும் போட்டி. வீட்டில் உட்கார்ந்து ஆடுவது கிடையாது. கூடத்து மேடையில், ஜனங்களுக்கு முன்னால், தளபதி நேரில் வந்து சட்டி மாட்ட வேண்டும். வராதவரின் பட்டம் பறிக்கப்படும். பட்டம் போனால் வீடும் போகும் என்பதைத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு எதைச் சொன்னாலும் அந்த ஒரு சிரிப்புதான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் மனைவி. மானம் கப்பலேறிவிடும் என்றார் தளபதி. ஜன்னல் போய்விடுமே என்று அவள் யோசித்தாள். மானத்துக்கும் ஜன்னலுக்கும் பொதுவாக ஒரு திட்டம் உருவானது. மேடையில் அவர் அணைத்து வைத்த சட்டியை மாட்டிக்கொண்டு கையைக் காலை ஆட்ட வேண்டியது; வீட்டிலிருந்து அவள் நிஜமாக ஆட வேண்டியது. போட்டிக்கு முந்தின நாள் தலைவரே நேரில் வந்து திட்டத்தைக் கலைத்தார். தளபதிக்குப் பின்னால் நின்ற பெண்மணியை மேடையில் உட்காரவைத்துக் கௌரவிக்கப் போகிறார்களாம். அவளுக்கென்று தனி நாற்காலி, தளபதியின் நாற்காலிக்குச் சரியாகப் பின்னால்.

தலைவர் போனதும் தளபதி, வேறு ஆளில்லாமல், மாமியாரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க மாப்பிள்ளை? நான் மாட்டினா முதல்ல உங்க படையைத்தான் வெட்டுவேன்" என்றார் மாமியார், நாற்காலியை வெயிலோடு நகர்த்தியபடி.

போட்டியன்று கூடத்தில் எள் போட இடமில்லை. தளபதி வெறும் வயிற்றோடு வந்திருந்தார். பெருங்களத்தை ஊருக்கெல்லாம் காட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உரையாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது. தளபதி சட்டியை மாட்டினார்.

புல்வெளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வானம் மறுபக்கமாகச் சாய்ந்தது. அவருக்குப் பின்னால் சொந்தப் படை, முன்னால் ஆற்றைத் தாண்டி வந்துவிட்ட எதிரிப் படை, நடுவில் அவர், அவருக்குள்ளே காலியான வயிறு. அது காலி என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வாளை ஊன்றிக் குனிந்தார். அதுவும் போதாமல் தரையில் உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டார்.

படை ஒரு கணம் திகைத்தது. தளபதி காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார் என்று வருஷக்கணக்காகப் பாடம் கேட்ட படை அது. முதல் வரிசை உட்கார்ந்து தலையைப் புதைத்தது. பிறகு அடுத்த வரிசை. கொஞ்ச நேரத்தில் குதிரைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

"பணிவு என்று நினைத்துவிடாதீர்கள்" என்று உரையாசிரியரின் குரல் உயர்ந்தது. "பூமிக்குச் செவி சாய்க்கிறார். எதிரியின் காலடி அவருக்குக் கேட்கிறது."

பக்கத்துக் குடியிருப்பின் தளபதியும் படித்தவர். உரையாசிரியரின் உரைகளை ஒன்றுவிடாமல் கேட்டவர். மௌனப் போர்முறையில் இப்படி ஒரு அத்தியாயம் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று பதறினார். இது பொறி என்று முடிவு செய்தார். அவருடைய படை அடிமேல் அடியாகப் பின்வாங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. நேரம் முடிந்தபோது களத்தில் இருந்தது தளபதியின் படை மட்டுமே. களத்தில் இருப்பவருக்கே வெற்றி என்பது விதி.

கூடம் அதிர்ந்தது. தளபதி சட்டியைக் கழற்றி, வாழ்த்த ஓடி வந்த தலைவரின் பளபளப்பான காலணிகள் மேல் வாந்தியெடுத்தார். வயிறு லேசானதும் மனசும் லேசானது. இனி இந்தப் பொய்யைச் சுமக்க முடியாது என்று தோன்றிவிட்டது. அவர் வாழ்க்கையில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை. ஒலிபெருக்கியை வாங்கினார்.

"எனக்கு ஆடவே தெரியாது. இத்தனை வருஷமும் ஆடினது நான் இல்லை, இவதான். இதோ உட்கார்ந்திருக்காளே, என் சம்சாரம்."

 பிறகு எங்கோ ஒருவர் கைதட்டினார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. என்ன அவையடக்கம், என்ன மனசு, வெற்றியைத் தூக்கி மனைவி காலடியில் வைக்கிறாரே என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர்களை ஒரு பார்வையும் பார்த்தார்கள். சத்தியமாக நான் இல்லை என்று தளபதி கெஞ்சக் கெஞ்சக் கைதட்டல் கூடியது. மனைவிக்கு 'உறுதுணை' என்று பொறித்த ஒரு தட்டைக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, தொங்கவிட ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அந்த மேடையிலேயே தளபதி பேரரசராக உயர்த்தப்பட்டார். பேரரசருக்கு உச்சித் தளத்தில் மாளிகை. மறுநாளே சாமான்களை ஏற்றிவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, மாளிகைக்கு ஜன்னல் கிடையாது. அவ்வளவு பெரிய மனிதர் வெளியே எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்று கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள். சுவர் முழுக்கத் திரை. கேட்ட நேரத்தில் கேட்ட சூரியன் உதிக்கும்.

மாமியார் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, புடவை நுனியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, இந்தச் சூரியன் காயுதா, சும்மா தெரியுதா?"

முதல் வாரம் பேரரசருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. லிஃப்டில் இப்போது இரண்டு பேர் சேர்ந்து பொத்தான் அழுத்தினார்கள். ஆனால் பேரரசர் ஆடும்போது முகம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தப் பட்டத்தின் சட்டம். அவருக்குப் பதில் மனைவி ஆட வழியில்லை. தினமும் சாயங்காலம் அவரே ஆட வேண்டும், தினமும் குமட்ட வேண்டும். வாரம் இரண்டானபோது சட்டை தொளதொளத்தது. மாமியார் மறுபடியும் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். ஜன்னல் வீடோ கீழே பூட்டிக் கிடந்தது. அவருக்குப் பின் அந்தப் பட்டத்தில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லையாம். ஒருமுறை தோற்றால் போதும், ஒரு படி இறங்கி அங்கே போய்விடலாம்.

பேரரசர் தோற்க முயன்றார். வாளைக் கீழே போட்டார், எதிரிகளும் போட்டார்கள். முதுகைக் காட்டி ஓடினார்; துரத்தினால் அழிவு என்று உரையாசிரியர் எச்சரிக்க, எதிரிகள் எதிர்த்திசையில் ஓடினார்கள். ஒரு நாள் களத்தின் நடுவில் நீட்டி நிமிர்ந்து படுத்தே விட்டார். அன்று மூன்று குடியிருப்புகள் சரணடைந்தன.

"உங்களுக்குத் தோக்கக்கூடத் தெரியலையே" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை, புகார் கொடுக்க வந்தவரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள். "நீங்க குனிஞ்சா அது வாந்தின்னு இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும். இருங்க, நானே வர்றேன்."

பக்கத்துக் குடியிருப்புப் படையில் கூலி வீரர்களைச் சேர்ப்பார்கள். அதற்குப் பட்டமும் வேண்டாம், குடும்பத் தலைவர் பெயரும் வேண்டாம், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கும் கிடையாது. ஒரு பழைய சட்டியைக் கொடுத்துக் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள். அன்று பிற்பகலே அவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். சாயங்காலம் மாளிகையின் சமையலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சட்டியை மாட்டினாள். அரியணை அறையில் கேமரா பேரரசரின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

புல்வெளி வழக்கம்போலச் சாய்ந்தது. அவர் குனிந்தார். இரு படைகளும் விளக்கத்துக்காகக் காத்து நின்றன. உரையாசிரியர் தொண்டையைச் செருமி எதையோ ஆரம்பித்தார். எதிரிப் படையின் கடைசி வரிசையிலிருந்து கொடியில்லாத ஒரு சிப்பாய் மற்றவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தனியாக, ஓடாமல், முழங்காமல், அடுத்த வீட்டுக்குப் போகிறவளைப் போலக் களத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

அவள் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சொற்பொழிவுகளில் அவர் சொன்ன எதுவும் அந்த நடையில் இல்லை.

"கண்ணை மூடிக்குங்க, தலை சுத்தாது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

வயிறு வாய்க்கு வந்துவிட்டது. பேரரசர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.