மீதி அறுபது வட்டம்

வீட்டில் அவளுக்குக் கொசு டாக்டர் என்று பெயர். கூடப் படித்தவர்களெல்லாம் இதயம், எலும்பு என்று போக, இவள் மட்டும் வெப்பமண்டல நோய்களைப் படிக்கப் போனால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? "இதுக்கு யாரு வேலை குடுப்பா? கொசுவா சம்பளம் போடும்?" என்று அப்பா கேட்காத நாளில்லை. ஆய்வுக்கூடம், கல்லூரி, கொள்ளைநோய் பரவும் இடத்துக்கு ஓடும் குழு என்று அவளும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவாள். அக்கா மட்டும், "என் தங்கச்சி கண்ணுலேர்ந்து எந்தக் கிருமியும் தப்பாது" என்று பீற்றிக்கொள்வாள். அந்த நம்பிக்கைதான் வினையாகப் போனது.

அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம். காட்டோரம் சாலை போடும் வேலையிலிருந்த கணவரோடு சில வாரம் தங்கிவிட்டு, காய்ச்சலோடு திரும்பியவள் நேரே தங்கையின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து விரலை நீட்டினாள். தங்கைக்கோ அன்று பதினொரு மணிக்கு நேர்காணல். வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. இரண்டு வருடமாகத் தவம் கிடந்து வந்த அழைப்பு.

ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒரு பார்வைக்குள் அடங்குவது ஒரு வட்டம். நூறு வட்டம் பார்க்காமல் மலேரியா இல்லை என்று எழுதக் கூடாது. இந்த விதிக்காகவே மாணவர்களை அவள் கடித்துக் குதறியிருக்கிறாள். அன்று நாற்பதாவது வட்டத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது படித்தவர்களுக்கும் சேர்த்துத்தானே!

வேலை கிடைத்தது. ரத்தம் பார்த்த ஆறாம் நாள், மலேரியா முற்றி அக்காவின் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அக்கா செத்துப் பிழைத்தாள். பிறகு அவள் அன்றைய ரத்தக் கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தபோது, அறுபத்து மூன்றாவது வட்டத்தில் கிருமி இருந்தது. பாவி, இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பயணத்துக்கு முந்தின நாள். அக்காதான் வந்து துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என் தப்புடி" என்றாள் அக்கா திடீரென்று. "ரெண்டு நாள் கழிச்சு எங்க டாக்டரம்மா இன்னொரு தடவை ரத்தம் குடுக்கச் சொன்னாங்க. என் தங்கச்சியே பாத்துட்டா, இன்னொரு டெஸ்ட் எதுக்குன்னு நான்தான் வந்துட்டேன். பெத்தவளே பிள்ளையைக் கொன்ன கதையாயிடுச்சு."

இதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறினால் அவள் மனுஷியே இல்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணலக்கா. நான் நாப்பதோட நிறுத்திட்டேன்."

"எதை நிறுத்தின?"

அவள் சொன்னாள். நூறு வட்டத்தை, கடிகாரத்தை, அறுபத்து மூன்றை, எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் கை பாதி மடித்த சட்டையின் மேல் அப்படியே நின்றது. திட்டுவாள், அறைவாள் என்று தங்கை காத்திருந்தாள். அறைந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

"மீதி அறுபதைப் பாக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்று அக்கா கேட்டாள்.

"பத்து நிமிஷம்க்கா."